இரண்டு மௌனங்கள்

டேட்டாபேஸ் சர்வருக்கு ‘பேக்கப் இருக்கிறது’ என்று சொன்னால், ஒரு பொருளின் இருப்பைச் சொல்வது போல ஒலிக்கிறது. குடத்தில் தண்ணீர் இருக்கிறது, பரணில் பாத்திரம் இருக்கிறது என்பவற்றோடு சேர்த்து எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கூற்றின் பொருள் ஏதோ ஒரு வட்டில் கிடக்கும் கோப்போடு முடிவதில்லை. நாளைக்குச் சர்வரின் வட்டு கெட்டாலும், யாரோ கைதவறி ஓர் அட்டவணையை அழித்தாலும், இன்றைய தரவை இன்று இருந்தபடியே திரும்ப எழுப்பிவிடலாம் என்ற உறுதிதான் அதன் பொருள். கோப்பைக் கண்ணால் பார்க்கலாம். உறுதியைப் பார்க்க முடியாது. அது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியது.

பார்க்க முடியாத அந்த உறுதி மனிதருக்கு எந்த வழியாக வருகிறது, வந்தது அறிவா வெறும் நம்பிக்கையா என்ற கேள்வி, பேக்கப் மென்பொருளில் பழுது தேடி உட்காரும் ஒவ்வொருவர் முன்பும் நிற்கிறது. கேள்வி பழையது. வடமொழி நூல்கள் இதைப் பிரமாணம் என்ற பெயரிலும், தமிழ் நூல்கள் அளவை என்ற பெயரிலும் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்திருக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் வைதிகவாதி ஒருவன் மணிமேகலைக்கு அளவைகள் பத்து என்று எண்ணிச் சொல்கிறான். வேதவியாசர் பத்தையும், கிருதகோடி எட்டையும், ஜைமினி ஆறையும் ஏற்றார்கள் என்கிறான். இரண்டு காதை தள்ளி, அறவண அடிகள் பௌத்தர் கொள்வன காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே என்று போதிக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றித்தான் பேசுகிறது. அளவைகள் பத்தும் காட்சி, அனுமானம், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது அதன் முடிவு. எதை அறிவது என்பதற்கு முன்னால் எதனால் அறிவது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அந்த ஒழுங்கு, டேட்டாபேஸ் அறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அது எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு நன்றாகப் பதிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31. நிரலாளர்கள் தங்கள் மூலநிரலைச் சேர்த்துவைத்துக் கூடி வேலை செய்யும் கிட்லேப் தளம், அப்போது போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்தது. முதன்மைச் சர்வர் ஒன்று. அதில் நடக்கும் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கித் தன்னிடம் எழுதிக்கொள்ளும் துணைச் சர்வர் ஒன்று. அன்று சுமை ஏறியதில் துணைச் சர்வர் பின்தங்கியது. அது வாங்கிக்கொள்வதற்குள் முதன்மைச் சர்வர் பழைய மாற்றப் பதிவுகளைக் கழித்துவிட்டது. இனி, துணைச் சர்வரில் உள்ளதை அடியோடு நீக்கிவிட்டு முதன்மையிலிருந்து புதிதாக முழுப் பிரதி எடுப்பது ஒன்றே வழி. அதற்கான கருவி பிஜி பேஸ்பேக்கப்.

கட்டளை இடப்பட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. முதன்மைச் சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கருவி வாய் திறக்காமல் காத்திருக்கும். அது அதன் இயல்பு. குழுவில் வேறொரு பொறியாளர் அதை முன்பே கண்டிருந்தார். ஆனால் குழுவின் செயல்முறைக் குறிப்பேட்டில் அது ஏறவில்லை; கருவியின் ஆவணத்திலும் தெளிவாக இல்லை. முந்தைய முயற்சிகளில் மிச்சமான கோப்புறை குறுக்கே நிற்கிறது போலும் என்று, கட்டளை இட்டவர் அதை அழிக்க முற்பட்டார். அழிக்கும் கட்டளை ஓடியது துணைச் சர்வரில் இல்லை, முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

பிறகு பேக்கப்பைத் தேடினார்கள். நாளுக்கு ஒருமுறை பிஜி டம்ப் என்ற கருவி டேட்டாபேஸ் முழுவதையும் எடுத்து அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. திறந்து பார்த்தால் அந்த இடம் காலி. டம்ப் எடுத்த சர்வரில் டேட்டாபேஸின் கோப்புறை இல்லை. ஆகவே எந்தப் பதிப்பு வேண்டும் என்று கண்டுகொள்ள முடியாமல், மென்பொருள் இயல்பான தேர்வாக 9.2 பதிப்பை எடுத்துக்கொண்டது. தன்னைவிடப் புதிய பெரும்பதிப்பில் ஓடும் சர்வரிலிருந்து தரவு எடுக்க பிஜி டம்ப் மறுத்துவிடும். அப்படியே மறுத்து, பிழை சொல்லி நின்றது. அந்தப் பிழையை அறிவிக்கும் மின்னஞ்சலும் புறப்பட்டது. ஆனால் அனுப்புவோர் மெய்யானவரா என்று சோதிக்கும் டிமார்க் என்ற விதி நிறுவனத்தின் அஞ்சல்களுக்குப் போடப்பட்டிருந்தது. தானியங்கி வேலைகள் அனுப்பிய அஞ்சல்கள் அதற்குள் வராததால், பெறும் பக்கம் அவற்றை ஏற்கவில்லை. ஒருவருக்கும் ஓர் அஞ்சலும் வரவில்லை. வராததால் பேக்கப் ஒழுங்காக நடக்கிறது என்று எல்லோரும் இருந்தனர். வட்டு முழுவதையும் படம்பிடித்ததுபோல் எடுத்துவைக்கும், சர்வர்கள் இருந்த அசூர் தளத்தின் ஸ்னாப்ஷாட் வசதி, டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. மற்ற பேக்கப்புகளே போதும் என்று கருதியதுதான் காரணம்.

ஆக, ஒரே இரவில் இரண்டு மௌனங்கள் தவறாகப் படிக்கப்பட்டன. பிஜி பேஸ்பேக்கப்பின் மௌனத்தில் பழுது எதுவும் இல்லை. பழுது இருப்பதாகக் கொள்ளப்பட்டது. அஞ்சல் பெட்டியின் மௌனத்துக்குப் பின்னால் பழுது இருந்தது. இல்லை என்று கொள்ளப்பட்டது. கைதவறிய கட்டளையைப் பற்றியே இந்த நிகழ்ச்சி அதிகம் நினைவுகூரப்படுகிறது. கை யாருக்கும் தவறும். ஆழமான தவறு மௌனத்தைப் படித்த முறையில் இருக்கிறது. பழைய தருக்க நூல்கள் மிக நுட்பமாகப் பேசியிருப்பதும் அந்த இடத்தைத்தான்.

இல்லாமையை அறிவது எப்படி என்ற கேள்வி அபாவம் என்ற தலைப்பில் வரும். தரையைப் பார்த்து ‘இங்கே குடம் இல்லை’ என்று ஒருவர் அறிகிறார். கண்ணில் பட்டது தரை மட்டுமே; குடம் இல்லாமை எங்கிருந்து வந்தது? ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகர் குமாரில பட்டர், காணாமை என்பதே தனி அளவை என்றார். அவருக்கு எதிர்முகாமில் நின்ற பௌத்தர் தர்மகீர்த்தி, அது அனுமானத்தின் ஒரு வகைதான் என்றார். நியாயப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர் கண்ணே இல்லாமையையும் காண்கிறது என்றனர். வகைப்படுத்துவதில் இவ்வளவு சண்டையிட்டவர்கள், ஒரு நிபந்தனையில் ஏறக்குறைய ஒரே பக்கம் நின்றனர்: இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலையில்தான் காணாமை அறிவைத் தரும். இந்தத் தகுதிக்கு யோக்கியதை என்று பெயர். வெளிச்சத்தில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் தென்படாவிட்டால் அப்படிச் சொல்ல உரிமை கிடையாது. கண்ணுக்கு எட்டாத நுண்பொருள்களைக் காணவில்லை என்பதற்காக அவை இல்லை என்று சொல்லவும் முடியாது.

டிமார்க் விதி அந்த அஞ்சல் பெட்டியை இருட்டறை ஆக்கியிருந்தது. பிழை நேர்ந்தாலும் அஞ்சல் வராது என்ற நிலையில், அஞ்சல் வராமை எதற்கும் சான்று ஆகாது. இன்னும் கொடுமையானது, அறை இருட்டாக இருக்கிறது என்பதே உள்ளிருப்பவருக்குத் தெரியாமல் போனது. குடம் தேடுபவருக்குத் தான் இருட்டில் நிற்பதாவது தெரியும். பிழை அஞ்சலுக்காகக் காத்திருப்பவருக்கு, ஒழுங்காக ஓடும் நாளும் அஞ்சல் தடைபட்ட நாளும் ஒரே மாதிரி இருக்கும்: இரண்டு நாளிலும் பெட்டியில் ஒன்றும் இராது.

யோக்கியதையை உண்டாக்க வழி உண்டு. பிழை நேர்ந்தால் மட்டும் சேதி அனுப்பும் ஏற்பாட்டைத் திருப்பிப்போட்டு, பேக்கப் வென்ற ஒவ்வொரு நாளும் சேதி வரும்படி வைப்பது; அந்தச் சேதி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், வேறொரு இடத்தில் வேறொரு சர்வரில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு மென்பொருள் மணி அடிக்கும்படி செய்வது. நாள்தோறும் விடியலில் வரும் ‘முடிந்தது’ என்ற சேதியே அறையில் ஏற்றிய விளக்கு. அது வராத நாளில், வராமை பேசும். கண்காணிப்பு அதே சர்வரில் இருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்: வட்டு நிரம்பிப் பேக்கப் நின்ற சர்வரில், நின்றதை எழுதிவைக்கவும் இடம் இராது.

அபாவத்துக்கு அடுத்து ஏமாற்றுவது காட்சி. கோப்பு கண்முன் இருக்கிறது, பெயர் சரி, தேதி இன்றையது. இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். பல சர்வர்களில் பேக்கப் என்பது ஒற்றை வரிக் கட்டளை: பிஜி டம்ப் தரவை எடுக்கும், அது வெளியிடுவதை ஒரு குழாய் வழியே ஜிசிப் வாங்கிச் சுருக்கும், சுருக்கியது ஒரு கோப்பில் விழும். பிஜி டம்ப் முதல் நொடியிலேயே பிழையோடு நின்றுவிட்டது என்று கொள்வோம். ஜிசிப்புக்கு அது தெரியாது. ஒன்றும் வராத குழாயை அது ஒழுங்காகச் சுருக்கும். ஒன்றுமில்லாமையைச் சுருக்கினால் 20 பைட் நீளக் கோப்பு ஒன்று கிடைக்கும். குழாயில் கோத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவையே ஷெல் முழு வரியின் முடிவாகச் சொல்லும். கடைசிக் கட்டளை ஜிசிப், அது வென்றது, ஆகவே முடிவுக் குறியீடு சுழியம், அதாவது வெற்றி. அன்றைய தேதியிட்ட 20 பைட் கோப்பு, நேற்றைய 40 ஜிபி கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயர் வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். பழைய கோப்புகளை ஏழு நாளில் கழித்துவிடும் விதியும் உடன் இருந்தால், எட்டாம் நாள் அந்தக் கோப்புறையில் 20 பைட் கோப்புகள் மட்டுமே இருக்கும்.

சிப்பியை வெள்ளி என்று காண்பதற்குத் தமிழ்ச் சித்தாந்த நூல்கள் திரிவு என்று பெயர் வைத்தன. சிப்பியின் பளபளப்பு மெய். அதன்மேல் ஏற்றிய வெள்ளி பொய். இங்கும் கோப்பு மெய், தேதி மெய். அவற்றின்மேல் ஏற்றிய ‘பேக்கப்’ பொய். பட்டியலில் கோப்பின் பெயரோடு அளவையும் பார்ப்பவருக்கு இந்தத் திரிவு ஒரு நொடியில் கலையும். ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற தெரிவைப் போட்டுவைத்தால், குழாயின் எந்தக் கண்ணி தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகிவிடும்.

அனுமானத்தில் நேரும் பிழை இன்னும் மறைவானது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. அதைத் திருப்பி, நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் நெருப்பு புகையும். சொல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும் இந்த ஈர விறகைத் தருக்க நூல்கள் உபாதி என்கின்றன. ‘இரவு இரண்டு மணிக்கு வேலை ஓடியது, ஆகவே பேக்கப் உண்டு’ என்பது நெருப்பைக் கண்டு புகையைச் சொல்லும் அனுமானம். ஓடியதோடு கூடவே பதிப்பு பொருந்தியிருக்க வேண்டும், பயனருக்கு எல்லா அட்டவணைகளையும் படிக்க அனுமதி இருக்க வேண்டும், சேரும் வட்டில் இடம் இருக்க வேண்டும், கடவுச்சொல் காலாவதி ஆகாதிருக்க வேண்டும். இவை அத்தனையும் ஈர விறகு. கிட்லேப்பில் விடுபட்டது பதிப்பு என்ற ஒரு கட்டை. பழுது தேடுவோர் செய்யும் வேலையின் பெரும்பகுதி, இந்த உபாதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வெளியே எடுப்பதுதான். போன மாதம் வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், போன மாதம் முதல் மாறியது எது என்று கேட்பது ஏன் பலிக்கிறது என்பதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது: மாறியவற்றுள்தான் உபாதி ஒளிந்திருக்கும்.

மூன்றாவது உரை. பேக்கப் மென்பொருளின் லாக் கோப்பு ‘வேலை வெற்றிகரமாக முடிந்தது’ என்று எழுதுகிறது. இது ஒரு சாட்சியின் வாக்குமூலம். யாருடைய வாக்கு அளவை ஆகும் என்று கேட்டு, நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விடை சொல்லியிருக்கிறார்: பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். அவரே ஆப்தர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் வேற்றுநாட்டாருக்கும் ஒன்றே என்றும் அவர் சேர்க்கிறார். பிறப்பையோ பட்டத்தையோ பார்க்காத அந்தப் பெருந்தன்மையால்தான் அவருடைய அளவுகோலை ஓர் இயந்திரத்தின் சொல்லுக்கும் பிடித்துப் பார்க்க முடிகிறது. லாக் கோப்பு பொய் சொல்ல விரும்புவதில்லை. குறை அதன் நேரறிவில் இருக்கிறது. தான் படித்த பைட்டுகளைத் தான் எழுதியதை அது நேரில் அறியும். படித்தவை முழு டேட்டாபேஸா, அவற்றிலிருந்து டேட்டாபேஸ் எழுமா என்பதை அது அறியாது. அறிந்ததை மட்டுமே சொல்கிறது. கேட்பவர் அதற்கு மேல் கேட்டுக்கொள்கிறார்.

இரு சாட்சிகள் உண்மையே பேசியும் வழக்கு தோற்பதுண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் ஞாயிறன்று முழு பேக்கப், மற்ற நாட்களில் அதற்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் வேறுபாட்டு பேக்கப் என்ற முறை பரவலானது. அதே சர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓட, அந்த இயந்திரத்தையே முழுதாகப் பிரதி எடுக்கும் இன்னொரு மென்பொருளும் செவ்வாய் இரவு ஓடுகிறது. அது காப்பி ஒன்லி என்ற தெரிவு இல்லாமல் ஓடினால், டேட்டாபேஸ் அதையும் ஒரு முழு பேக்கப் என்றே கணக்கில் வைக்கும். புதன்கிழமை வேறுபாட்டு பேக்கப் செவ்வாயை அடியாகக் கொண்டுவிடும், ஞாயிறை இல்லை. இரு மென்பொருள்களின் லாக்கிலும் வெற்றி. பல வாரம் கழித்து ஞாயிற்றுக் கோப்பின்மேல் புதன் கோப்பை ஏற்றும்போதுதான், டேட்டாபேஸ் சரியான முந்தைய நிலையில் இல்லை என்ற 3136 எண் பிழை வரும். சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் உறுதி; கோர்ப்பு அறுந்திருக்கிறது.

பெயரும் ஒரு வகை உரைதான். போஸ்ட்கிரெஸ் தன் மாற்றப் பதிவுகளை வைத்த கோப்புறைக்கு முன்பு பிஜி எக்ஸ்லாக் என்று பெயர். வட்டு நிரம்பித் தவிக்கும் நேரத்தில் ‘லாக்’ என்ற சொல்லைப் பார்த்து, கழிக்கத்தக்க வெறும் குறிப்பு என்று எண்ணி அழித்தவர்கள் டேட்டாபேஸையே இழந்தனர். 2017 அக்டோபரில் வந்த 10ஆம் பதிப்பு அதன் பெயரைப் பிஜி வால் என்று மாற்றியது. ஒரு சொல்லை மாற்றியதால் எத்தனை தரவு பிழைத்திருக்கும் என்று யாராலும் எண்ண முடியாது. ஆனாலும் மென்பொருள் ஆக்கியோர் செய்த மிகக் கருணையான திருத்தங்களில் இது ஒன்று.

காட்சி, அனுமானம், உரை, அபாவம் எல்லாம் இப்படி வழுக்கும் என்றால், பேக்கப் உண்டு என்ற அறிவின் மெய்ம்மை எங்கே நிலைகொள்ளும்? இங்கே மீமாம்சகருக்கும் நையாயிகருக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. அறிவு தோன்றும்போதே மெய்ம்மையோடு தோன்றுகிறது, அதை மறுக்கும் வேறோர் அறிவோ அதன் காரணத்தில் குறையோ தெரியும்வரை அது மெய்யே என்பது குமாரிலரின் கட்சி. அறிவின் மெய்ம்மை பிறிதொன்றால்தான் உறுதிப்படும் என்பது நியாயக் கட்சி. தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. அது தண்ணீரா கானலா என்பது பார்வையால் தீராது. போய் அள்ளிக் குடித்துத் தாகம் தணிந்தால், கண்டது மெய். பயனில் முடிந்த செயல்தான் அறிவை உறுதிப்படுத்துகிறது.

பேக்கப்பில் தண்ணீரைக் குடிப்பது என்றால் மீட்டெடுத்துப் பார்ப்பது. வேறொரு இயந்திரத்தில், வெறும் வட்டில், கையில் உள்ள கோப்புகளை மட்டும் கொண்டு டேட்டாபேஸை எழுப்ப வேண்டும். எழுந்த பிறகு முக்கியமான அட்டவணை ஒன்றில் எத்தனை வரிசைகள், கடைசி வரிசையின் நேரம் என்ன என்று பார்க்க வேண்டும். கடைசி வரிசை மூன்று மாதத்துக்கு முந்தையது என்றால், மீட்பு வென்றும் பேக்கப் தோற்றிருக்கிறது. இதற்குக் குறைந்த சோதனைகள் குடிக்காமல் பார்ப்பதன் வகைகளே. எஸ்க்யூஎல் சர்வரின் வெரிஃபை ஒன்லி கட்டளை, பேக்கப் முழுமையாகவும் படிக்கத்தக்கதாகவும் இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே இருக்கும் தரவின் அமைப்பைச் சோதிக்காது. போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பில் வந்த பிஜி வெரிஃபை பேக்கப், கோப்புகள் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். மீட்டுப் பார்க்கும் சோதனையை விட்டுவிடலாம் என்று அதன் ஆவணமும் சொல்லவில்லை. இவை பயனுள்ளவை, விரைவானவை, நாள்தோறும் ஓட வேண்டியவை. ஆனால் தாகம் தணிப்பவை அல்ல.

இந்த வழக்கில் பேக்கப்பைப் பொறுத்தவரை நியாயக் கட்சியே வெல்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். மறுப்பு வரும்வரை மெய் என்ற கொள்கை, மறுப்பு உரிய நேரத்தில் வரும் இடங்களில் நல்ல கொள்கை. நாற்காலி உறுதியா என்பது உட்கார்ந்ததும் தெரியும். பேக்கப்புக்கு மறுப்பு வரும் நேரம், முதன்மைத் தரவு அழிந்த நேரம். அந்த மறுப்பால் அறிவு திருந்தும், தரவு திரும்பாது.

மீமாம்சகரின் எதிர்க்கேள்வி வலுவானது, அதைத் தாண்டிப் போய்விட முடியாது. மீட்டுப் பார்த்தது மெய் என்று எதனால் தெரியும்? அதைச் சோதிக்க இன்னொரு சோதனை, அதைச் சோதிக்க வேறொன்று என்று போனால் முடிவே இல்லை. தவிர, போன மாதம் மீட்டுப் பார்த்தது போன மாதத்துக் கோப்பை. நேற்று இரவின் கோப்பை யாரும் குடித்துப் பார்க்கவில்லை. இதற்குக் குமாரிலரே தந்த விடை அழகானது: ஐயத்தின்மேல் ஐயமாக மூன்று நான்கு அறிவுகள் வரை போனால் போதும், அதற்கு மேல் வேண்டுவதில்லை. நையாயிகரும் தங்கள் பக்கத்திலிருந்து பழக்கம் உள்ள நிலை, பழக்கம் இல்லாத நிலை என்று இரண்டாகப் பிரித்தனர். புது ஊர்க் கிணற்றைச் சோதித்துக் குடிக்க வேண்டும். நாள்தோறும் இறைக்கும் கிணற்றுக்கு அது வேண்டாம், முன்பு குடித்துத் தெளிந்த தண்ணீரின் இனம் இது என்ற அடையாளமே போதும். மாதந்தோறும் மீட்டுப் பார்க்கும் குழுவுக்கு நேற்றைய கோப்பு பழகிய கிணறு. ஒருமுறைகூட மீட்டுப் பாராத குழுவுக்கு, பத்து ஆண்டு பேக்கப்பும் புது ஊர்க் கிணறே. பதிப்பு மாறினாலோ, சர்வர் இடம் மாறினாலோ, பழகிய கிணறும் அன்று முதல் புதுக் கிணறு.

ஐயத்துக்கு எல்லை எது என்பதற்கு நையாயிகர் உதயனர் ஓர் அளவு வைத்தார். ஒருவரின் செயலோடே முரண்படும் இடத்தில் ஐயம் நின்றுவிடும். நெருப்பால் புகை வருமா என்று ஐயப்படுபவர், புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறார். மீட்டெடுத்த டேட்டாபேஸை நம்பி அடுத்த நாள் கணக்கு வழக்கை அதிலேயே தொடங்கத் தயார் என்ற நிலை வந்தால், ஐயம் தீர்ந்தது. அதற்கு முன் தீர்ந்ததாகச் சொல்வது அவசரம். நியாய சூத்திரம் ஆராயப் புறப்பட்ட பதினாறு பொருள்களில், அளவைக்கும் அளக்கப்படுவதற்கும் அடுத்து மூன்றாவதாக ஐயத்தை வைத்தது. விவாதத்தையும் முடிவையும் அதற்குப் பின்னால் வைத்தது. ஐயம் அங்கே குறைபாடாக வரவில்லை, ஆராய்ச்சியின் வாசலாக வருகிறது.

நடைமுறையில் அந்த வாசலை மூடுவது பெரும்பாலும் அறியாமை இல்லை. மீட்டுப் பார்த்தால் தோற்றுவிடுமோ என்ற அச்சம், அது யார் வேலை என்று எழுதப்படாமை, ஒரு நாள் முழுவதையும் ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கும்’ என்பதைச் சோதிக்கச் செலவிட மேலிடம் தயங்குவது ஆகியவைதான். கிட்லேப் தானே வெளியிட்ட நிகழ்ச்சி அறிக்கை, பேக்கப்பைச் சோதித்துப் பார்ப்பதற்கு யாரும் பொறுப்பில் இல்லாததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கட்டளை இட்டவர்மேல் பழி போடவில்லை. மீட்பு வேலையை இணையத்தில் நேரலையாகவே காட்டியது. தன் அறிவில் இருந்த ஓட்டையைப் பிறர் பார்க்கத் திறந்துவைத்த அந்தச் செயலால்தான், இன்று யாரும் அந்த இரு மௌனங்களையும் இவ்வளவு அருகில் நின்று பார்க்க முடிகிறது.

அன்று தரவைக் காப்பாற்றியது பேக்கப் என்று பெயர் வைக்கப்பட்ட எதுவும் இல்லை. அழிவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக, உண்மைத் தரவின் ஸ்னாப்ஷாட் ஒன்றைத் தம் கையால் எடுத்துச் சோதனைச் சர்வரில் ஏற்றியிருந்தார். வழக்கமாக அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அந்தப் பிரதி ஏற்கெனவே ஒரு சர்வரில் எழுந்து நின்றிருந்தது. குடித்துப் பார்த்த தண்ணீர். அதிலிருந்து தரவை முதன்மைக்குக் கொண்டுபோக, சோதனைச் சர்வரின் மெதுவான வட்டுகளால், ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. பிப்ரவரி 1 அன்று தளம் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட 6 மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டப்பணிகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் திரும்பவில்லை.